திறவுகோல் யார் கையில்?

(வானொலியில் வழங்கிய மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டு வாசலில் நாம் பதில் தெரியாமல் நின்ற கதையோடு இன்றைய சிந்தனையைத் தொடங்குகிறோம். எந்த ஊர், எந்த வீடு என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீடு எல்லா ஊரிலும் உண்டு. குடும்பத் தலைவர் குடிக்கிறார். வாரக் கூலியில் பாதிக்கு மேல் வீடு வந்து சேர்வதில்லை. மனைவி கண்ணீரோடு பங்கு இல்லத்துக்கு வந்து, "சாமி, நீங்க ஒரு தடவை வந்து சொல்லுங்க, உங்க பேச்சைக் கேப்பாரு" என்றார். போனோம். பொறுமையாகப் பேசினோம். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "ஏன் சாமி, பூசையில நீங்களும் அதைத்தானே குடிக்கிறீங்க?" என்றார்.

கதவோரம் அவருடைய மகள் நின்றிருந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. அப்பாவைப் பார்த்த கண்களைத் திருப்பி எம்மைப் பார்த்தாள். என்ன பதில் வரும் என்று காத்திருந்தாள். "அது வேற, இது வேற" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். எப்படி வேறு என்று அவள் கேட்டிருந்தால், அன்று எம்மிடம் பதில் இல்லை.

குருமடத்தில் நற்கருணை இறையியல் படித்தவர்கள் நாம். அப்பமும் இரசமும் ஆண்டவரின் உடலும் இரத்தமுமாக மாறுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறோம். ஆனால் மாறுவதற்கு முன் அந்தக் கிண்ணத்தில் இருப்பது என்ன, அது எப்படி உண்டாகிறது, திருச்சபை அதை எப்படிக் கையாண்டு வந்திருக்கிறது என்று ஒருநாளும் ஆராய்ந்து பார்த்ததில்லை. அன்று இரவு அலமாரியைத் திறந்து புத்தகத்தைத் தேடினோம். ஒரு கேள்விக்கு விடை தேடத் தொடங்கியது, பல மாதங்கள் எம்மை விடாமல் பிடித்துக்கொண்ட ஆர்வமாகிவிட்டது. அப்படிக் கற்றதில் சிறிதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

திருவிவிலியம் திராட்சை இரசத்தை மறைத்து வைக்கவில்லை. தொடக்க நூலில் முதன்முதலில் திராட்சைத் தோட்டம் போட்டவர் நோவா. முதன்முதலில் குடிபோதையில் ஆடை விலகிக் கிடந்தவரும் அவரே. நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. 104-ஆம் திருப்பாடல் மனித உள்ளத்தை மகிழ்விக்கும் கொடையாக அதைப் பாடுகிறது. சீராக்கின் ஞானம் 31-ஆம் அதிகாரத்தில் அதே இரசத்தைப் புகழ்ந்து, அளவு மீறினால் வரும் கேட்டையும் உடனே சொல்கிறது. கானாவூர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகள். நற்செய்தியாளர் தரும் அளவைக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 500 முதல் 700 லிட்டர். ஆண்டவர் கஞ்சத்தனமாகக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் கொடுத்தது ஊரே கூடியிருந்த ஒரு விருந்துக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு ஓர் ஒழுங்குமுறை எழுதினார். அதன் 40-ஆம் அதிகாரம் பானத்தின் அளவைப் பற்றியது. துறவிகளுக்கு இரசமே கூடாது என்று முன்னோர் சொன்னதை அவர் அறிவார். ஆனால் தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்க வைக்க முடியாது என்றும் ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறார். ஆகவே நாள் ஒன்றுக்கு ஒரு சிறு அளவு போதும் என்கிறார். இக்காலக் கணக்கில் அது கால் லிட்டருக்கும் அரை லிட்டருக்கும் இடைப்பட்டது என்பார்கள். அடியோடு விட்டுவிடும் வரம் பெற்றவர்கள் விட்டுவிடட்டும், அவர்களுக்குத் தனிப் பரிசு உண்டு என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

எம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது 31-ஆம் அதிகாரம். மடத்தின் உணவு, பானம், கருவி எல்லாவற்றுக்கும் பொறுப்பான பொருளாளர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்படுகிறது. அவர் முதிர்ந்த குணம் உடையவராக, அடக்கம் உள்ளவராக, மிகுதியாக உண்ணாதவராக இருக்க வேண்டும். மடத்தின் ஒவ்வொரு கலத்தையும் பீடத்தின் திருக்கலங்களைப் போல அவர் நடத்த வேண்டும். மண்வெட்டியும் பீப்பாயும் அவருக்குத் திருப்பலிக் கிண்ணம் போல. இரச அறையின் திறவுகோல், அந்த இரசத்துக்கு அடிமையாகாத மனிதரின் கையில்தான் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1098-இல், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் சீத்தோ என்ற சதுப்பு நிலத்தில் ஒரு சிறு துறவுக் குழு குடியேறியது. ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை எழுத்துப் பிசகாமல் வாழ வேண்டும் என்பது அவர்களது ஏக்கம். 1113 வாக்கில் இளைஞர் பெர்நார்து ஏறக்குறைய 30 தோழர்களோடு அங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் புனித பெர்நார்து என்று நாம் வணங்குபவர் அவரே. சிஸ்தர்சியன் சபை என்று உலகம் அறிவது இந்தக் குடும்பத்தைத்தான். கைகளால் உழைத்து உண்பது அவர்கள் விதி. திருப்பலிக்கு இரசம் வேண்டும், விருந்தினருக்கும் வேண்டும். ஆகவே திராட்சை பயிரிட்டார்கள்.

வூஜோ என்ற ஊரில் அவர்கள் நட்ட தோட்டம் வளர்ந்து 50 ஹெக்டேர் ஆயிற்று. அதைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார்கள். அந்த மதில் இன்றும் நிற்கிறது. அந்த மதிலுக்குள்ளேயே அவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சரிவின் மேற்பகுதியில் மண் மெல்லியது, சுண்ணாம்புக்கல் நிறைந்தது, மழைநீர் நிற்காமல் வடிந்துவிடும். கீழே சாலையோரத்தில் களிமண், நீர் தேங்கும். கொடி ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான், பாடுபடும் கையும் ஒன்றுதான். ஆனாலும் மேல்நிலத்துக் கனியின் இரசம் வேறு, கீழ்நிலத்துக் கனியின் இரசம் வேறு. மேல்நிலத்து இரசம் திருத்தந்தைக்கு, நடுநிலத்தது ஆயர்களுக்கு, கீழ்நிலத்தது துறவிகளுக்கு என்று ஒரு வேடிக்கைக் கதையும் அங்கே வழங்குகிறது.

நம் விவசாயிகளுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஒரே நெல், கரைமண்ணில் ஒரு ருசி, களிமண்ணில் ஒரு ருசி என்று நம் தாத்தாக்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பர்கண்டித் துறவிகள் தலைமுறை தலைமுறையாக அதைக் குறித்து வைத்தார்கள். ஒரு துறவி இறந்தால் அவர் கற்றது அவரோடு போகவில்லை. அடுத்தவர் அதிலிருந்து தொடர்ந்தார். இப்படிச் சிறு சிறு துண்டாகப் பெயரிட்டு அறியப்பட்ட பர்கண்டித் தோட்டங்களை யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இப்போது எம் மனத்தைக் கவர்ந்த ஒரு மனிதரிடம் வருகிறோம். பியேர் பெரினியோன் என்பது அவர் பெயர். 'தோம் பெரினியோன்' என்று உலகம் சொல்கிறது. 'தோம்' என்பது துறவிக்குரிய மரியாதை அடைமொழி. 1638-இல் பிறந்தார். இளமையில் ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்தார். 1668-இல் ஷாம்பெய்ன் பகுதியில் உள்ள ஓவில்லே மடத்துக்குப் பொருளாளராக வந்தார். 1715-இல் இறக்கும் வரை 47 ஆண்டுகள் அதே மடம், அதே பொறுப்பு. பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயியும் 1638-இல் பிறந்து 1715-இல் இறந்தவர்தான். ஒருவர் வெர்சாய் அரண்மனையில், மற்றவர் இரச அறையில். இருவர் பெயரும் இன்றுவரை வழக்கில் உள்ளது.

நுரை பொங்கும் ஷாம்பெய்னை இவரே கண்டுபிடித்தார் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். முதல் மிடறு குடித்ததும் விண்மீன்களைக் குடிப்பதாகச் சக துறவிகளைக் கூவி அழைத்தார் என்றும் சொல்வார்கள். அழகான கதைதான், ஆனால் வரலாறு அப்படி இல்லை. விண்மீன் பேச்சு, அவர் இறந்து நெடுங்காலம் கழித்து விளம்பரக்காரர்கள் பரப்பியது. அவர் ஓவில்லேவுக்கு வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1662-இல், கிறிஸ்தபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் சர்க்கரை சேர்த்து இரசத்தை நுரைக்க வைக்கும் முறையை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

உண்மையில் பெரினியோன் நுரையோடு போராடினார். ஷாம்பெய்ன் குளிர் மிகுந்த பகுதி. அறுவடை முடிந்து இரசம் பொங்கத் தொடங்கும்போதே குளிர்காலம் வந்துவிடும். பொங்குதல் பாதியில் நின்றுவிடும். வசந்தத்தில் வெப்பம் வந்ததும், பீப்பாயிலோ புட்டியிலோ இருக்கும் இரசம் மறுபடி பொங்கும். உள்ளே காற்று அடைபட்டு அழுத்தம் ஏறும். அக்காலப் பிரெஞ்சுக் கண்ணாடி அதைத் தாங்காது. ஒரு புட்டி வெடித்தால் அதன் சில்லு பட்டு அடுத்தது வெடிக்கும். ஓராண்டு உழைப்பு தரையில் ஓடும். இன்று ஒரு ஷாம்பெய்ன் புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 6 வளிமண்டலம். அதற்கென்றே தடித்த கண்ணாடி செய்கிறார்கள். அன்று அது குறை, நோய் என்றே கருதப்பட்டது.

அவர் என்ன செய்தார்? கொடியை இரக்கமின்றிக் கிளை நறுக்கினார். குலை குறைந்தாலும் கனி செறிவாக இருக்க வேண்டும். வெயில் ஏறுமுன் குளிர்ந்த காலையில் பறிக்கச் செய்தார். நசுங்கிய கனியை ஒதுக்கினார். காலால் மிதிக்க விடவில்லை. மென்மையாக, விரைவாக ஆலையில் பிழிந்து, முதலில் வடிந்த சாற்றையும் கடைசியில் வந்த சாற்றையும் தனித்தனியே வைத்தார். கறுப்புத் திராட்சையின் நிறம் தோலில்தான் உள்ளது, சாற்றில் இல்லை. தோலோடு ஊற விடாமல் பிழிந்தால், கறுத்த கனியிலிருந்து தெளிந்த வெள்ளை இரசம் வரும். அது மறுபடி பொங்குவதும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, பல தோட்டத்துக் கனிகளைப் பிழிவதற்கு முன்பே கலக்கக் கற்றார். ஒன்றின் புளிப்பை மற்றொன்றின் இனிப்பு சமன் செய்யும். கனியைச் சுவைத்தே எந்தத் தோட்டத்தது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். 47 ஆண்டு கவனித்த நாவுக்கு அது முடிந்திருக்கும் என்றே நமக்கும் தோன்றுகிறது.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துகள் நாட்டுடைமை ஆயின. துறவிகள் சிதறினார்கள். வூஜோ மதில், ஓவில்லே கொடி எல்லாம் கைமாறின. மடத்தின் கடைசிப் பொருளாளர் 1821-இல், தம் முதிய வயதில், ஒரு கடிதம் எழுதினார். நுரைக்கும் இரசத்தின் இரகசியத்தைக் கண்டவர் எங்கள் பெரினியோனே என்று அதில் பெருமையோடு குறிப்பிட்டார். கதை அங்கிருந்தே பெருகியது. இழந்துபோன இல்லத்தின் மேல் வைத்த அன்பு நினைவைச் சற்றுப் பெரிதாக்கிவிட்டது. நம் ஊர்த் திருவிழாக் கதைகளும் அப்படி வளர்ந்தவைதாமே. எந்த நுரையை ஒழிக்கப் பாடுபட்டாரோ, அதே நுரை பொங்கும் ஒரு விலையுயர்ந்த புட்டி 1936 முதல் அவர் பெயரில் விற்கப்படுகிறது. அவர் அறிந்தால் சிரித்திருப்பார்.

இரசம் ஏன் பொங்குகிறது என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொன்னவர் லூயி பாஸ்டர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் கனியின் சர்க்கரையை உண்டு, சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. 1863-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், நாட்டின் இரசம் கெட்டுப்போவது ஏன் என்று ஆராயச் சொன்னார். இரசத்தை அளவாகச் சூடாக்கினால் கெடுக்கும் கிருமி அழியும் என்று பாஸ்டர் கண்டார். அவர் நூல் 1866-இல் வெளிவந்தது. நாம் தினமும் காலையில் வாங்கும் பால் பாக்கெட்டில் 'பாஸ்டரைஸ்டு' என்று அச்சிட்டிருக்கிறதே, அந்தச் சொல் அவர் பெயரிலிருந்து வந்தது. குழந்தைக்குக் கொடுக்கும் பால் கெடாமல் இருப்பதற்கும் இரச ஆராய்ச்சிக்கும் இப்படி ஒரு தொடர்பு.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இழை உண்டு. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சையை 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று சொல்லப்படுகிறது. திருப்பலிக் கிண்ணத்தை நினைத்து ஒருவர் சுமந்து வந்த கொடி, இன்று எத்தனையோ உழவர் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

அன்பர்களே, இவ்வளவும் கற்ற பிறகு, அந்தப் பிள்ளை கண்ணால் கேட்ட கேள்விக்கு நாம் என்ன சொல்வோம்?

முதலாவது, பொருள் ஒன்றுதான் என்று ஒத்துக்கொள்வோம். கிண்ணத்தில் நாம் வார்ப்பதும் பொங்கிய திராட்சை இரசமே. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் விதி அதைத்தான் கேட்கிறது. இரசம் இயற்கையானதாக, திராட்சைக் கனியிலிருந்து வந்ததாக, கெடாததாக இருக்க வேண்டும். "அது வேற, இது வேற" என்று நாம் அவசரமாகச் சொன்னது அரைகுறைப் பதில்.

இரண்டாவது, வேறுபாடு புட்டியில் இல்லை, உறவில் இருக்கிறது. அந்தத் துறவிகளுக்கு இரசத்தின் மேல் ஆர்வம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆர்வம் அவர்களை விழிக்க வைத்தது. மண்ணைப் பார்க்க வைத்தது, விடியுமுன் எழ வைத்தது, 47 ஆண்டு ஒரே வேலையில் நிலைக்க வைத்தது. போதையோ கண்ணை மூட வைக்கிறது. மகளின் பள்ளிக் கட்டணம் தெரிவதில்லை, மனைவியின் முகம் தெரிவதில்லை, குடிப்பதன் சுவைகூடத் தெரிவதில்லை. சுவைத்துக் குடிப்பவர் யார் மதுக்கடை வாசலில் நின்று ஒரே மூச்சில் விழுங்குவார்? ஆர்வம் உள்ள மனிதரின் கையில் திறவுகோல் இருக்கிறது. அடிமையான மனிதரையோ உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று.

மூன்றாவது, பூட்டப்பட்டவருக்குத் 'அளவோடு குடி' என்று சொல்வது உதவாது. ஆசீர்வாதப்பரின் அளவு எல்லாருக்கும் பொருந்தாது. சிலருக்கு முதல் துளியே வீழ்ச்சி. அது நோய். திருச்சபை இதை அறியும். மதுப் பழக்கத்தால் பாதிக்கப்பட்ட குருக்கள் பொங்கி முடியாத புதுச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்ற ஆயரின் அனுமதி பெறலாம் என்று 2003-இல் உரோமை தெளிவாகச் சொன்னது. ஆம், குருக்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. பீடத்திலேயே இந்த நோய்க்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கிறது திருச்சபை. அப்படியிருக்க நாம் ஒருவரை 'குடிகாரன்' என்று ஒதுக்கி வைப்பது எப்படி?

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856-இல் பிறந்த மேத்யூ டால்பட் என்ற கூலித் தொழிலாளி 12 வயதில் குடிக்கத் தொடங்கினார். பார்வையற்ற ஒரு தெருப்பாடகரின் வயலினைத் திருடி விற்றுக் குடித்த காலமும் உண்டு. 1884-இல், 28 வயதில், இனிக் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும்தான். பிறகு வாழ்நாள் முழுவதும். அந்தப் பாடகரை நெடுநாள் தேடினார். கிடைக்கவில்லை. அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 41 ஆண்டு ஒரு துளியும் தொடாமல் வாழ்ந்து, 1925-இல் திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. இரசக் கிண்ணம் உயர்த்தப்படும் பீடத்தை நோக்கித்தான் அவர் நாள்தோறும் நடந்தார். அந்தக் கிண்ணம் அவரை வீழ்த்தவில்லை, தூக்கி நிறுத்தியது. அதில் இருந்தது, தம்மையே கொடுத்த ஒருவரின் இரத்தம்.

இதுதான் கடைசி வேறுபாடு. மதுக்கடைப் புட்டி வீட்டிலிருந்து எடுக்கிறது. பீடத்துக் கிண்ணம் வீட்டுக்குக் கொடுக்கிறது.

இதையெல்லாம் சொல்ல நாம் மறுபடி அந்த வீட்டுக்குப் போனோம். அவர் கேட்டார். உடனே மாறிவிட்டார் என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் ஒரு ஞாயிறு திருப்பலியில், காணிக்கைப் பவனியில் இரசக் குப்பியைப் பீடத்துக்கு ஏந்தி வந்தவள் அந்தப் பிள்ளை. கோவிலின் கடைசித் தூண் அருகே அவள் அப்பா நின்றிருந்தார். குப்பியை வாங்கும்போது எம் கை நடுங்கியது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், இன்றே ஒரு மருத்துவரிடமோ, குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் குழுவிடமோ அழைத்துச் செல்லுங்கள். மூன்று மாதம் என்று தொடங்கினாலும் போதும். தனியாகப் போகத் தயங்கினால், பங்கு இல்லத்துக்கு வாருங்கள், நாமும் உடன் வருகிறோம்.

மன்றாடுவோமாக. உண்மையான திராட்சைக் கொடியாகிய ஆண்டவரே, பூட்டிய கதவுக்குள் இருக்கும் எம் சகோதரர்களை நினைவுகூரும். அவர்களுக்காகக் காத்திருக்கும் மனைவியரையும் பிள்ளைகளையும் தேற்றும். நீர் தந்த கொடைகளைக் கண் விழித்துப் பார்க்கவும், அளவறிந்து கையாளவும், பிறரோடு பகிரவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.